பெட்டியைத் தூக்கியது எத்தனை தடவை

போக்குவரத்துக் கழகத்தின் மூன்றாவது மாடியில், படிக்கட்டுக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் புகார்ப் பிரிவு இருந்தது. பிரிவு என்றால் பெரிதாகத் தோன்றும். ஒரு மேஜை, இரண்டு இரும்பு அலமாரி, ஒரு ஜன்னல். அவ்வளவுதான். அந்த மேஜையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவளை அலுவலகம் முழுக்க ‘கடுதாசி அக்கா’ என்றே கூப்பிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். உறை மேல் ‘திருமதி கடுதாசி’ என்று எழுதி அனுப்பிய புண்ணியவானும் உண்டு.

பயணிகள் எழுதும் கடிதங்களைப் படித்துப் பதில் போடுவது அவள் வேலை. ‘தங்கள் கடிதம் உரிய பிரிவின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது’ என்ற வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தட்டச்சு செய்வாள். உரிய பிரிவு அதன் பிறகு என்ன செய்தது என்பது அவளுக்குத் தெரியாது. பத்துக் கடிதம் வந்தால் அதில் நான்காவது விமான நிலைய ரயிலைப் பற்றி இருக்கும். கைக்குழந்தையோடு போனவள் எழுதுவாள், இரட்டை வயலின் பெட்டியோடு போன இசைக்காரர் எழுதுவார், வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போன தம்பதி எழுதுவார்கள். அத்தனை பேருக்கும் பதில் போட்டவள் ஒருநாள்கூட விமானத்தில் ஏறியதில்லை. அந்த ரயிலின் கடைசி ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்ததும் இல்லை. அவளுக்கு அங்கே என்ன வேலை?

அந்த வருடம் கழகத்துக்குப் புதிதாக ஒரு தலைவி வந்தார். வந்த மூன்றாம் வாரமே அவர் மேஜைக்கு ஒரு பெரிய திட்டம் வந்தது. கொண்டுவந்தவர் திட்டப் பொறியாளர். நெட்டையான மனிதர். அவர் நடந்தாலே ஓடுவது போல இருக்கும். பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முடிப்பார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் ‘வேகம் சார்.’ பெரிய ஸ்டேஷனிலிருந்து விமான நிலையத்துக்கு ரயில் இப்போது இருபத்திரண்டு நிமிடத்தில் போகிறது, புதிதாகப் பாதை போட்டால் பன்னிரண்டு நிமிடத்தில் போய்விடலாம், எட்டு வருடத்தில் வேலை முடியும் என்று அவர் வரைபடங்களை விரித்தார். வேறு நான்கு நகரங்களுக்குப் போய் அங்கே எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டு ஓர் அறிக்கை வைத்தால் மேலிடம் ஒத்துக்கொள்ளும் என்றார். ஒப்பிடுவதற்கான படிவமும் கையோடு கொண்டுவந்திருந்தார். தூரம், வேகம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, ஒரு பெட்டியில் எத்தனை இருக்கை.

தலைவி படிவத்தை இரண்டு தடவை புரட்டினார். “எல்லாம் சரி சார். ரயிலைப் பத்தி அத்தனையும் இருக்கு. அதுல ஏறுற ஆளைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?”

“ஏறுற ஆளு... ஏறிடுவாங்க மேடம்.”

“எப்படி ஏறுவாங்க?”

வேகம் சார் முதல் தடவையாகப் பேச்சில் நிதானமானார். தலைவி சிரித்துக்கொண்டே, “நம்ம ஆபீஸ்ல பயணிகளைப் பத்தி அதிகமாத் தெரிஞ்சவங்க யாரு?” என்று கேட்டார். கேள்வி வேகம் சாருக்கு. பதில் சொன்னது தேநீர்த் தட்டோடு நின்றிருந்த பெண். “அதுக்கு நம்ம கடுதாசி அக்காதாம்மா.”

கூப்பிட்டனுப்பியதும் கடுதாசி அக்கா நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். எந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டோமோ என்று மூன்று மாடியும் யோசித்துக்கொண்டே இறங்கினாள். போய் நின்றால் உட்காரச் சொல்லிவிட்டு, “விமானத்துல போயிருக்கீங்களா?” என்கிறார் தலைவி.

“இல்லைங்க.”

“நல்லதாப் போச்சு. பழகினவங்களுக்குக் கஷ்டம் கண்ணுல படாது. நாலு ஊருக்குப் போய்ட்டு வாங்க. ஒரு பெரிய பெட்டி எடுத்துக்கோங்க, இருபது கிலோ இருக்கணும். ஒரு துணையும் கூட்டிக்கோங்க. கொஞ்சம் நடக்கச் சிரமப்படுறவங்களா இருந்தா இன்னும் நல்லது. ஒவ்வொரு ஊர்லயும் பெரிய ரயில்வே ஸ்டேஷன் வாசல்லேருந்து விமான நிலையத்துல பெட்டி போடுற கவுன்டர் வரைக்கும் போகணும். சாதாரணப் பயணியாப் போங்க. கழகத்து ஆளுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

நடக்கச் சிரமப்படுகிற ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அவள் குடியிருந்த கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் நாத்தனார் இருந்தார். வீட்டுக்காரரின் அக்கா. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்பு கொடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது கைதான், வாய் இல்லை. இரண்டு முட்டியும் வலி. அவரை இவள் அண்ணி என்று கூப்பிடுவாள். விஷயத்தைச் சொன்னதும் அண்ணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“என் முட்டி வலிக்காகவா என்னைக் கூப்பிடுறாங்க?”

“ஆமா அண்ணி. அதுக்குத்தான்.”

“பாத்துக்கோ. இத்தனை வருஷமா இதை வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு வீண்போகலை. எப்போ கிளம்புறோம்?”

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வீட்டுக்காரர், “ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா விமானத்துல மத்தவங்க பேசவே முடியாதே” என்றார். சொன்னாரே தவிர, பெட்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தது அவர்தான். இருபது கிலோவுக்குப் பெட்டியில் எதை நிரப்புவது என்று யோசித்தபோது அலுவலகத்தின் அடித்தளத்தில் தேதி முடிந்துபோன ரயில் நேர அட்டவணைப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாகக் கிடப்பது கடுதாசி அக்காவுக்கு ஞாபகம் வந்தது. நூற்று நாற்பது புத்தகம் போட்டதும் தராசு முள் சரியாக இருபதில் நின்றது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் வேகம் சாரின் படிவத்தை மேஜையில் வைத்துப் பார்த்தாள். நாலு கட்டமும் நேர்த்தியாக இருந்தன. ஸ்கேலை எடுத்து ஓரத்தில் இன்னும் இரண்டு கோடு போட்டாள். ஒன்றின் தலையில் ‘பெட்டியைத் தூக்கியது எத்தனை தடவை’ என்று எழுதினாள். மற்றதில் ‘வழி கேட்டது எத்தனை பேரிடம்.’ இருபத்திரண்டு வருடக் கடிதங்களைப் பிழிந்தால் இந்த இரண்டு சொட்டுதான் மிஞ்சும் என்று அவளுக்குத் தோன்றியது.

முதல் பயணம் துறைமுக நகரத்துக்கு. சொந்த ஊர் ரயிலைக் கடைசியில்தான் பார்ப்பது என்று விமான நிலையத்துக்கு ஆட்டோவில் போனார்கள். விமானம் ஓடத் தொடங்கியபோது கடுதாசி அக்கா இருக்கையின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். தரை விட்டதும் பிடியை விட்டுவிட்டாள். பிடித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? கீழே அவளுடைய ஊர் ஒரு பெரிய பாயை விரித்தது போலக் கிடந்தது. அதன் நடுவே ஒரு நூல் ஊர்ந்தது. “அண்ணி, நம்ம ரயிலு!” என்று அவள் போட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணி அதற்குள் பக்கத்து இருக்கைப் பெண்மணியின் மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்பது வரை விசாரித்து முடித்திருந்தார்.

துறைமுக நகரத்தின் விமான நிலைய ரயில், வேகம் சார் கண்டால் கண் கலங்கிவிடக்கூடிய ரயில். வெள்ளை வெளேரென்று மின்னும். பதினான்கு நிமிடம். உள்ளே மெத்தென்ற இருக்கை, சத்தமே இல்லை. ஆனால் அது புறப்படும் இடம் பெரிய ஸ்டேஷன் இல்லை. பக்கத்தில் பூமிக்கடியில் தனியாக ஒரு ஸ்டேஷன். மூன்று நகரும் படிக்கட்டு இறங்கி, ஒரு நீண்ட சுரங்கத்தில் நடந்து, மறுபடி ஒரு படிக்கட்டு ஏற வேண்டும். சாதாரண டிக்கெட் அங்கே செல்லாது, வேறு டிக்கெட், அதற்கு வேறு வரிசை. நகரும் படிக்கட்டில் பெட்டி ஒரு படியிலும் அண்ணி அடுத்த படியிலும் நின்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கவுன்டரைத் தொட்டதும் கடுதாசி அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அறுபத்தோரு நிமிடம். தூக்கியது ஐந்து தடவை. கேட்டது ஏழு பேரிடம்.

“பதினாலு நிமிஷம் ராணி மாதிரி வந்தோம், மிச்ச நேரம் மூட்டை தூக்கினோம். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுன்னா இதுதான்” என்றார் அண்ணி முட்டியைத் தடவிக்கொண்டு.

அடுத்தது ஆற்றங்கரை நகரம். அங்கே போய்ப் பார்த்தபோது இருவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. விமான நிலையத்துக்குத் தனி ரயிலே இல்லை. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பையும் ஏறும் அதே பழைய ரயில்தான் போகிறது. பத்து வயசுப் பிள்ளை வர்ணம் அடித்தது போல இருந்தது. ஒரு ஸ்டேஷன் விடாமல் நின்று நின்று போயிற்று. ஆனால் நடைமேடையும் ரயிலின் தரையும் ஒரே மட்டம்; பெட்டி தானாக உருண்டு உள்ளே போனது. ஊருக்குள் வாங்கிய டிக்கெட்டே கடைசி வரை செல்லும். ரயில் நேராக விமான நிலையக் கட்டடத்தின் அடியில் போய் நின்றது. ஒரு லிஃப்ட். கதவு திறந்தால் எதிரே கவுன்டர்.

கடுதாசி அக்காவால் நம்ப முடியவில்லை. எங்கேயோ ஒரு படிக்கட்டை விட்டுவிட்டோமோ என்று திரும்பி ஒருமுறை கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நாற்பத்துமூன்று நிமிடம். தூக்கியது பூஜ்யம்.

“வழி கேட்டது?”

“ஒருத்தர்கிட்ட கேட்டேன்” என்றார் அண்ணி. “ஆனா அது கழிப்பறைக்கு. அதைச் சேக்கலாமா?”

இரண்டு நிமிட விவாதத்துக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். நேர்மை முக்கியம் இல்லையா?

மூன்றாவது, குன்றுகள் சூழ்ந்த ஒரு நகரம். அங்கே விமான நிலையத்துக்கு ரயிலே கிடையாது, பேருந்துதான். ஆனால் பெரிய ஸ்டேஷன் வாசலில் இறங்கியதுமே தரையில் பட்டையாக ஒரு மஞ்சள் கோடு தொடங்கியது, கோட்டின் மேல் ஒரு குட்டி விமானப் படம். அண்ணி கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார், கோடு பேருந்து நிற்கும் இடத்தில் போய் முடிந்தது. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஓட்டுநர் இறங்கிவந்து பெட்டியைத் தூக்கித் தட்டில் வைத்தார். தூக்கும்போது, “என்னம்மா, உள்ள கல்லா?” என்று கேட்டார்.

“படிக்கிற சாமானு தம்பி” என்றாள் கடுதாசி அக்கா. பொய் இல்லை.

பேருந்துக்கென்று சாலையில் தனித் தடம் இருந்தது. பக்கத்தில் கார்கள் நெருக்கியடித்து நிற்க, இவர்கள் கையாட்டிக்கொண்டே போனார்கள். ஐம்பத்திரண்டு நிமிடம். தூக்கியது ஒரு தடவை, அதுவும் ஓட்டுநர். ஒரு வாளி மஞ்சள் பெயின்ட் இத்தனை வேலை செய்யுமா என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மறுபடி ஸ்டேஷனுக்குப் போகும் சந்தர்ப்பம் வந்தபோது குனிந்து கோட்டின் அகலத்தைத் துப்பட்டாவால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

நான்காவது நகரத்தில்தான் வினை காத்திருந்தது. எல்லாம் புத்தம்புதிது. பாதாள ரயில், கண்ணாடிக் கூரை, ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் ‘விமான நிலையம்’ என்று ஆள் உயர எழுத்து. இறங்கி வெளியே வந்தால் விமான நிலையத்தைக் காணோம். எதிரே புல்வெளி. அங்கே ஒரு மாடு நிற்காததுதான் குறை. விசாரித்தால், கட்டடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இணைப்பு வேன் வரும், வேன் நிற்கும் இடம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றார்கள். லிஃப்ட் வாசலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. படிக்கட்டுதான் வழி.

பெட்டியை ஒவ்வொரு படியாக ஏற்றி, பாதிப் படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றபோது பூட்டு தெறித்தது. பெட்டி வாயைப் பிளந்தது. நூற்று நாற்பது நேர அட்டவணையும் அருவி மாதிரிச் சரிந்து கீழே கொட்டின. படிக்கட்டு முழுக்கப் பச்சை அட்டைப் புத்தகங்கள். அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “சிரிக்காதீங்க அண்ணி” என்று சொல்ல வாயெடுத்த கடுதாசி அக்காவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது கீழேயிருந்து ஒரே மாதிரிச் சட்டை போட்ட பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். ஏதோ கல்லூரியின் கைப்பந்து அணி, போட்டிக்குப் போகிறார்கள். ஒருத்தி விசில் அடித்தாள். அவ்வளவுதான், படிக்கு ஒருத்தியாக நின்றுகொண்டு புத்தகத்தைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பந்து வீசிப் பழகிய கைகள், ஒன்றுகூடத் தவறவில்லை. மேலே நின்ற அண்ணி வாங்கி வாங்கி அடுக்கினார். வழியோடு போன ஒரு பெரியவர் ஒரு புத்தகத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“ஏம்மா, இந்த ஏழேகால் வண்டி எங்கேருந்து கிளம்புது?”

“அது போன வருஷமே கிளம்பிடுச்சுங்க” என்றாள் கடுதாசி அக்கா.

பெரியவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. புத்தகத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அணிப் பெண்கள் தங்கள் வலைக் கயிற்றாலேயே பெட்டியைக் கட்டிக் கொடுத்து, வேனில் ஏற்றியும் விட்டார்கள். ஒரு மணி ஐம்பது நிமிடம். தூக்கியதை எண்ண முடியவில்லை. ‘எல்லோருமாக’ என்று எழுதினாள். கேட்டது பதினாறு பேரிடம். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது விமானம் போய்விட்டிருந்தது. அடுத்த விமானம் சாயங்காலம். இரண்டு பேரும் கண்ணாடிச் சுவர் ஓரம் கால் நீட்டி உட்கார்ந்து, விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே கிழங்கு வறுவல் பொட்டலம் இரண்டு காலி செய்தார்கள். இத்தனை வருட உறவில் இவ்வளவு நேரம் வேலை இல்லாமல் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்பதை அண்ணிதான் சொன்னார். கடுதாசி அக்கா அவர் காலை எடுத்துப் பெட்டி மேல் நீட்டிவிட்டாள்.

ஐந்தாவதாகச் சொந்த ஊர். “இது நமக்குத் தெரிஞ்ச ஊரு, அதனால ஏமாத்திடக் கூடாது. நீங்க வெளியூர்க்காரங்க மாதிரி நடந்துக்கோங்க அண்ணி” என்று சொல்லிவைத்தாள். அண்ணி கொஞ்சம் அதிகமாகவே நடந்துகொண்டார். டிக்கெட் கவுன்டரில், “இந்த ஊர்ல ரயிலெல்லாம் இருக்குதாங்க?” என்று கேட்டதில் உள்ளே இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

ஒன்பது நிமிடக் காத்திருப்பு, இருபத்திரண்டு நிமிட ரயில். கடைசி ஸ்டேஷன் உயரத்தில், தூண்களின் மேல் இருந்தது. இறங்கித் தரைக்கு வந்தால் எதிரே விமான நிலையம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. நடுவில் அகலச் சாலை. சாலைக்கு மேலே நடைபாலம். ஏற ஐம்பத்துநான்கு படி, இறங்க ஐம்பத்துநான்கு படி. லிஃப்ட் இல்லை. கடுதாசி அக்கா பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கைக்குழந்தைக்காரி எழுதிய படிக்கட்டு, வயலின்காரர் எழுதிய படிக்கட்டு, எல்லாம் இதுதான். ஆயிரம் பேர் கையெழுத்தில் படித்த இடத்துக்கு இன்றைக்குத்தான் நேரில் வந்திருக்கிறாள். முதல் படியில் பெட்டியை வைத்தாள்.

பாலத்தைக் கடந்து கவுன்டரைத் தொட இருபத்தேழு நிமிடம் ஆயிற்று. மொத்தம் ஐம்பத்தெட்டு.

அறிக்கைக் கூட்டம் ஒரு புதன்கிழமை காலையில் நடந்தது. நீள மேஜை, எட்டு அதிகாரிகள், தலைவி. கடுதாசி அக்கா இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வேகம் சார் வேகமாகப் பேசி முடித்தார். துறைமுக நகரம் பதினான்கு நிமிடம், நாம் இருபத்திரண்டு, புதுப் பாதை வந்தால் பன்னிரண்டு, நாம்தான் முதல். கைதட்டினார்கள்.

பிறகு இவள் எழுந்தாள். “சார் சொன்னது எல்லாம் சரிங்க. ரயிலுக்கு ரயில் பாத்தா அப்படித்தான். ஆளுக்கு ஆளு பாத்தா வேற மாதிரி வருது. பதினாலு நிமிஷ ரயில்ல நாங்க போய்ச் சேர அறுபத்தோரு நிமிஷம் ஆச்சு. முப்பத்துநாலு நிமிஷம் ஓடுற பழைய ரயில்ல நாப்பத்துமூணுலயே போய்ட்டோம். நம்ம ஊர்ல ரயில் ஓடுற நேரம் இருபத்திரண்டு. ரயிலை விட்டு இறங்கி நடக்கிற நேரம் இருபத்தேழு. ரயிலை விடப் பாலம்தாங்க நீளம்.”

யாரோ சிரித்தார்கள். வேகம் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. “அது நடக்கிற ஆளைப் பொறுத்தது. உங்க கூட வந்தவங்களுக்கு முட்டி வலி. ஒரு சாதாரண ஆளு அதை அஞ்சு நிமிஷத்துல தாண்டலாம்.”

“தாண்டலாம் சார். பெட்டி இல்லாம இருந்தா.”

“இருந்தாலும் தாண்டலாம்.”

தலைவி பேனாவை மூடி வைத்தார். “இதை எதுக்குப் பேசிக்கிட்டு இருக்கணும்? ரயில் எத்தனை மணிக்கு?”

எட்டு அதிகாரிகளும் தலைவியும் வேகம் சாரும் கடுதாசி அக்காவும் வலைக்கயிறு கட்டிய பெட்டியும் பதினொன்று பத்து வண்டியில் போனார்கள். பாலத்தின் அடியில் தலைவி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார். வேகம் சார் கோட்டைக் கழற்றி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். முதல் பத்துப் படி பாய்ந்தார். இருபதில் கை மாற்றினார். முப்பதில், மேலேயிருந்து இறங்கிவந்த ஒரு குடும்பம் மூன்று பெட்டியோடு அவரைச் சுவரோடு ஒதுக்கியது. அவர்களுக்கு வழிவிட்டு, அவர்கள் வீட்டுப் பிள்ளையின் செருப்பை எடுத்துக் கொடுத்து, மறுபடி தூக்கினார். ஐம்பத்துநான்காவது படியில் பெட்டியைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடுதாசி அக்கா பக்கத்தில் போய்த் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். அவர் குடித்துவிட்டுப் பாலத்தின் இரும்புக் கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

“இந்தப் பாலத்தை வரைஞ்சது நான்தாம்மா” என்றார்.

அவள் புட்டியை வாங்கி மூடினாள்.

“பதினெட்டு வருஷம் ஆச்சு. அப்போதான் வேலைக்குச் சேந்திருந்தேன். ரெண்டு பக்கமும் லிஃப்ட் போட்டுத்தான் வரைஞ்சேன். வரைபடம் மேலிடத்துக்குப் போய்த் திரும்பி வந்தப்போ லிஃப்ட்டை அடிச்சிருந்தாங்க. நான் ஏன்னு கேக்கலை. அப்புறம் இந்தப் பக்கம் வரவும் இல்லை. விமானத்துக்குப் போறப்பல்லாம் ஆபீஸ் கார்லதான் போவேன்.”

“நானும் அளக்க வந்தப்போதான் சார் முதல் தடவையாப் பாத்தேன். இதைப் பத்தி ஆயிரம் பதில் போட்டிருக்கேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அவர்தான். கீழேயிருந்து தலைவி, “சார், நேரம் ஓடுது! இன்னும் இறங்கணும்!” என்று குரல் கொடுத்தார்.

“கடிகாரத்தை நிறுத்திடுங்க மேடம்” என்று வேகம் சார் மேலேயிருந்தே கத்தினார். “அவங்க சொன்னதுதான் சரி.”

திரும்பும்போது ரயிலிலேயே அவர் ஒரு பழைய டிக்கெட்டின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்துவிட்டார். ஸ்டேஷன் நடைமேடையின் முனையிலிருந்து சாலைக்கு மேலாக அதே மட்டத்தில் ஒரு மூடிய பாதை. படி கிடையாது. அந்தப் பக்கம் போய்ச் சேரும் இடத்தில் இரண்டு லிஃப்ட். “ரெண்டு எதுக்கு சார்?” என்றாள் கடுதாசி அக்கா. “ஒண்ணு கெட்டுப்போனா?” என்றார். அவள் மஞ்சள் கோட்டைப் பற்றிச் சொன்னாள். அகலம் எவ்வளவு என்று கேட்டார். அவள் பையிலிருந்து துப்பட்டாவை எடுத்து, முடிச்சுப் போட்டிருந்த இடத்தைக் காட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி ஒருவர் அந்தக் காட்சியை ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பன்னிரண்டு நிமிட ரயில் திட்டத்தை யாரும் குப்பையில் போடவில்லை. அது தன் வரிசையில் காத்திருக்கிறது. ஆனால் முதலில் அந்த மூடிய பாதை வந்தது. இரண்டு வருடத்தில் முடித்தார்கள். நடுவில் மழை, ஒரு தூணின் அளவு தப்பு, இரண்டு சண்டை எல்லாம் இருந்தது. சண்டை இரண்டும் கடுதாசி அக்காவுக்கும் வேகம் சாருக்கும்தான். அம்புக்குறிப் பலகையை எந்த உயரத்தில் மாட்டுவது என்பது ஒன்று. பாதை நடுவில் உட்காரப் பலகை வேண்டுமா என்பது இன்னொன்று. இரண்டாவதில் அண்ணியை நேரில் கொண்டுவந்து நிறுத்தி அவள் ஜெயித்தாள்.

திறப்பு நாளன்று ரிப்பன் வெட்டியதும் பேச்சு முடிவதற்குள் ஜனங்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். விமானம் காத்திருக்குமா? ரயிலிலிருந்து இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டு, மஞ்சள் கோட்டோடு போய்க்கொண்டே இருந்தார்கள். யாரும் நிற்கவில்லை, யாரும் யாரையும் கேட்கவில்லை. தன்பாட்டுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டு, பிள்ளையை அதட்டிக்கொண்டு, சாவியை எடுத்தோமா என்று பையைத் துழாவிக்கொண்டு போனார்கள். கடுதாசி அக்கா ஓரமாக நின்று பார்த்தாள். அப்படி ஒரு பாதை இருப்பதாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்தது. தலைவி ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து ஏதாவது பேசச் சொன்னார். அவள் வாங்கி, “எல்லாரும் பத்திரமாப் போய்ட்டு வாங்க” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கூட்டத்தில் போன நாலைந்து பேர் திரும்பிப் பார்த்து, “சரிங்க” என்றார்கள்.

இப்போது அவள் மூன்றாவது மாடியில் இல்லை. திட்டப் பிரிவில், வேகம் சாரின் அறைக்குப் பக்கத்து அறை. வாரத்தில் மூன்று நாள் வெளியேதான் வேலை. போன மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்து வழிகளை ஒப்பிட ஆரம்பித்தார்கள். முதல் நாள் காலையில் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கியதும், நடைபாதை விளிம்பு ஒரு படிக்குச் சமமா இல்லையா என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. படிதான் என்றார் வேகம் சார், படியே இல்லை என்றாள் கடுதாசி அக்கா. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு பேருந்துக்காகக் காத்திருந்த ஓர் அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல், “அது படிதாங்க, நேத்து நான் அதுலதான் விழுந்தேன்” என்றார்.

வேகம் சார் ஜெயித்த முகத்தோடு நிமிர்ந்தார். கடுதாசி அக்கா நோட்டைத் திறந்துகொண்டு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்க விழுந்தீங்க, எப்படி விழுந்தீங்க, கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க பாப்போம்.”